ஐந்தெழுத்துப் பகை

சலவைக்கடைக்காரர் லேசில் எதையும் நம்புகிறவர் அல்ல. கறை படிந்த துணியைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் அது என்ன கறை என்று ஒருநாளும் உண்மையைச் சொன்னதில்லை. அந்தத் தொழிலில் தலை நரைத்தவரிடம் போய் மனுஷனை நம்பு என்றால் எப்படி நம்புவார்? சோப்புத்தூள் பாக்கெட்டை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, "எடை குறையிற மாதிரி இருக்கே" என்பார். மனைவி சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் கடையைத் திறக்க வந்தபோது, வாசலில் இருந்த தண்ணீர் வால்வின் மேல் ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

சாவி போட ஓட்டை இல்லை. அதற்குப் பதில் ஐந்து குட்டிச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்துகள். முதல் நான்கும் விரலால் தள்ளினால் சுற்றின. ஐந்தாவது மட்டும் 'ஒய்' எழுத்தைக் காட்டிக்கொண்டு மலைபோல நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகிப் பார்த்தார். நகம்தான் பெயர்ந்தது.

"யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க," என்று கடையை ஒட்டிய வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆமா, தண்ணி ஆபீஸ்காரங்க," என்றாள் மனைவி. "பக்கத்துலயே நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, அதைப் படிங்க."

தண்ணீர்த் திருட்டைத் தடுக்கும் பொருட்டு ஒவ்வொரு இணைப்புக்கும் எழுத்துப் பூட்டு பொருத்தப்படுகிறது என்றது நோட்டீஸ். அலுவலகத்துக்கு நேரில் வந்து ஒரு ரகசிய வார்த்தையைப் பதிந்துகொண்டால் ஆள் வந்து பூட்டில் அதை அமைத்துத் தருவார். அதுவரை பூட்டை இழுப்பது, அடிப்பது, முறைத்துப் பார்ப்பது ஆகியவை தண்டனைக்குரிய குற்றங்கள்.

கடைக்குச் சோறு போடுவது உள்ளூர்க்காரர்களின் சட்டை, பேண்ட் அல்ல. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். தினமும் மாலையில் ஒரு மூட்டை அழுக்காக வரும், மறுநாள் வெள்ளையாகப் போக வேண்டும். ஒருநாள் போகவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் சொல்லிவைத்திருந்தார். அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை.

தண்ணீர் அலுவலகத்தில் ரகசியம் என்றால் ரகசியம்தான். கவுண்டருக்கும் மக்களுக்கும் நடுவே கனமான கண்ணாடி, பேசினால் காது கேட்காது. ஆகவே ஆளுக்கொரு தடவை மைக்கைப் பிடித்துத்தான் ரகசிய வார்த்தையைச் சொல்ல வேண்டும். அது ஹால் முழுக்க நான்கு ஒலிபெருக்கியில் கேட்கும். வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் யாரோடும் பேசவில்லை. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, முன்னால் இருப்பவரின் உதட்டைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தும்மினார். பின்னால் இருந்தவர் அதில் எத்தனை எழுத்து என்று விரல்விட்டு எண்ணினார்.

சலவைக்கடைக்காரர் மைக்கைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, "லாண்டரி" என்றார்.

கவுண்டரில் இருந்த அம்மாள் எழுதிப் பார்த்தாள். "ஏழு எழுத்து வருது சார். ரெண்டு ஜாஸ்தி."

"ஒய்லதானேம்மா முடியுது?"

"முடியுது. ஆனா முடியிறதுக்குள்ள ரொம்ப நீளமா போயிடுது. அஞ்செழுத்துதான். கடைசி ஒய். அகராதியில இருக்கணும். வேற யாரும் எடுத்திருக்கக் கூடாது."

"அர்த்தமே வேணாம்மா. நாலு சக்கரம் சுத்துதுல்ல, ஏதாவது நாலு எழுத்தைப் போட்டுக் குடுங்களேன்."

அம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. "அர்த்தம் இல்லாம இந்த ஆபீஸ்ல எதையும் செய்யறதில்லை சார்," என்று சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினாள்.

சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. அதுவரை பதிவான ரகசிய வார்த்தைகளையெல்லாம் ஒளிவுமறைவற்ற நிர்வாகத்தின் பேரில் அதில் எழுதிப் போட்டிருந்தார்கள். லாரி ஒரு லாரிக்காரருக்குப் போயிருந்தது. டாடியும் மம்மியும் ஒரே கட்டடத்தின் கீழ்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும். பணத்தைக் குறிக்கும் மனியை அலுவலக ஊழியர்களே குலுக்கல் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்கும் சாரியை யாருக்கும் தரக்கூடாது, அலுவலகத்துக்கே ஒருநாள் தேவைப்படலாம் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஆனால் அந்த நாள் இன்னும் வரவில்லை.

கடைக்கு நேர் எதிரே இன்னொரு சலவைக்கடை. ஒரே தொழில், ஒரே தெரு, எதிரெதிர் வாசல். ஒருவரையொருவர் கரித்துக்கொட்ட இதைவிட வசதி வேண்டியதில்லை. ஆனால் ஏனோ இருவரும் ஆதியிலிருந்தே ஒட்டிக்கொண்டார்கள். எதிர்க்கடைக்காரர் வயதில் இளையவர், இவரை வாய் நிறைய "அண்ணே" என்பார். அவர் முதல் நாளே போய் ஹாப்பி என்ற வார்த்தையை வாங்கிவிட்டார்.

"சும்மா தரலை அண்ணே," என்றார். "வீட்ல நெஜமாவே எல்லாரும் ஹாப்பியா இருக்காங்களான்னு பார்க்க ஒரு ஆபீஸர் வந்து கூடத்துல உட்கார்ந்துட்டார். மத்தியானம் வரைக்கும் நாங்க எல்லாரும் பல்லைக் காட்டிக்கிட்டே இருந்தோம். மாமியாரை மட்டும் முன்கூட்டியே மச்சினி வீட்டுக்கு அனுப்பிட்டேன், ரிஸ்க் எடுக்கலை. நீங்க மூட்டையை இங்க கொண்டாங்க. உங்களுக்கு வார்த்தை கெடைக்கிற வரைக்கும் நான் துவைச்சுத் தர்றேன்."

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி மூட்டை எதிர்க்கடை மெஷினில் சுழன்றது. எதிர்க்கடைக்காரர் தன் வேலை முடிந்தபிறகு துவைத்து, மடித்து, தானே தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்து வைப்பார். கூலி என்று வாயைத் திறந்ததில்லை. சலவைக்கடைக்காரர் விரிப்புகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி, சரியாக இருக்கிறது என்று தலையாட்டி வாங்கி வைத்துக்கொள்வார்.

ஆனால் அதற்கும் மூக்கில் வியர்த்துவிட்டது அலுவலகத்துக்கு. ஹாப்பி என்ற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு தண்ணீர் செலவாக நியாயமில்லை, மாதக் கடைசிக்குள் குறையாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று எதிர்க்கடைக்காரருக்கு எச்சரிக்கை வந்தது. அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் காட்டினார். சலவைக்கடைக்காரருக்குத்தான் தூக்கம் போயிற்று. துவைத்து அலுத்துப்போய் இவனாக எழுதி வாங்கிவந்திருப்பானோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதற்காக அவர் வெட்கப்பட்டார், ஆனால் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்கப்பட்டார்.

மறுநாள் தண்ணீர் அலுவலகத்தின் மக்கள் சந்திப்பில் பெரிய அதிகாரி பேசினார். பன்னீர் தெளித்த மாதிரி இனிமையான குரல்.

"அன்பான பொதுமக்களே! கடைசிச் சக்கரம் ஏன் சுற்றவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். நான் கேட்கிறேன், அது ஏன் சுற்ற வேண்டும்? எல்லாமே சுற்றிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் நிர்வாகமா? பூட்டுகள் வந்து இறங்கிய அன்றே இந்தக் குறையை நான் கண்டுபிடித்துவிட்டேன். திருப்பி அனுப்பலாம் என்றார்கள். பூட்டுக் கம்பெனி முதலாளி என் சம்பந்தி. நான் எந்த முகத்தோடு அவரிடம் போய்ப் பூட்டு சரியில்லை என்பேன்? பூட்டை மாற்றுவது கஷ்டம், மக்களை மாற்றுவது சுலபம். ஆகவே ஒய்யில் முடியும் வார்த்தைகள் மட்டுமே என்று விதியை வகுத்தோம். தண்ணீர்த் திருட்டு குறைந்ததா என்கிறார்கள். அறவே ஒழிந்துவிட்டது! தண்ணீரே போகாத வீட்டில் என்னத்தைத் திருடுவது? நான் மக்களை முழுமையாக நம்புகிறேன். நம்பாதவனாக இருந்தால் வீட்டுக்கு ஒரு பூட்டோடு விட்டிருப்பேனா?"

ஊழியர்கள் கைதட்டினார்கள். மக்களும் தட்டினார்கள். தட்டாதவர்களை ஒருவர் குறித்துக்கொண்டிருந்தார்.

மனைவியின் தம்பிதான் கடைசியில் ஒரு வார்த்தையோடு வந்தான். பத்திரிகைக் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பியே இளமையைக் கழித்தவன். வாசற்படி ஏறும்போதே, "மச்சான், கெடைச்சிடுச்சு! பலகையில பார்த்துட்டேன், இது ஒண்ணுதான் பாக்கி," என்று அக்காவையும் விலக்கிவிட்டுக் காதில் சொன்னான். "எனிமி."

"அப்படின்னா?"

"எதிரி. அஞ்செழுத்து, ஒய்ல முடியுது."

சலவைக்கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு பெரிய அகராதியில், என்னைப் பார்த்ததும் இவனுக்கு எதிரி என்கிற வார்த்தை ஏன் வந்தது? அதுவும் ஓசியில் தருகிறான். யோசித்துக்கொண்டேதான் அலுவலகத்துக்குப் போனார்.

கவுண்டர் அம்மாள் அவரை வார்த்தைகளைச் சரிபார்க்கும் சொல் ஆய்வாளரிடம் அனுப்பினாள். அந்த அறைக்குள் ஒரு மேசையைச் சுற்றி மூன்று பேர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் ஆய்வாளர். வார்த்தையைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதிரின்னா யாரு?"

"யாருமில்லைங்க. சும்மா வார்த்தை."

"சும்மா வார்த்தையா? நாளைக்கு உங்க எதிரி வந்து, என்னைச் சொல்லித்தான் இவர் தண்ணி எடுக்கறார், எனக்குப் பங்கு குடுங்கன்னு கேஸ் போட்டா ஆபீஸ் பதில் சொல்லணுமா? எதிரியை நேர்ல கூட்டிட்டு வாங்க. எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு அவர் மைக்ல சொல்லணும். பகை உண்மையானதுதானான்னு நாங்க பார்ப்போம்."

"எனக்கு எதிரியே இல்லைங்களே."

ஆய்வாளரின் கண் சுருங்கியது. "எதிரியே இல்லாத மனுஷனா? எதையோ மறைக்கிறீங்க. எனக்கு இந்த ரூம்லயே ரெண்டு பேர் இருக்காங்க." பக்கத்தில் இருந்த இருவரும் திரும்பிப் பார்க்காமலே ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"மனைவியோட தம்பி வந்தா ஆகுங்களா?"

"சொந்தக்காரங்க செல்லாது. அது இயற்கைப் பகை, எல்லா வீட்லயும் இருக்கும். தொழில்ல போட்டியாளர் யாராவது இருந்தா பாருங்க. ஒரே தொழில், எதிரெதிர்க் கடை, அந்த மாதிரி இருந்தா அன்னிக்கே பாஸ்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அழாத குறையாகக் கெஞ்சினாள். "வேணாங்க. அவர் நமக்காக முதுகு ஒடிய துவைச்சுக் குடுக்கிறார். அவர்கிட்ட போய் இதைக் கேப்பீங்களா?"

"ஒரு வார்த்தைதானேடி. நாலு பேர் முன்னாடி சும்மா சொல்லப்போறார். மாசம் முடிஞ்சா அவருக்கும் தண்ணி போயிடும், நமக்கும் மூட்டை போயிடும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெருவைக் கடந்து போனார்.

எதிர்க்கடைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க அண்ணே! நானே உங்களைப் பார்க்கக் கிளம்பிட்டிருந்தேன். ஒரு விஷயம் சொல்லணும், உள்ள வாங்க."

"முதல்ல என் விஷயத்தைக் கேளுங்க," என்று இவர் முந்திக்கொண்டார். நின்றால் தைரியம் போய்விடும் என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

எதிர்க்கடைக்காரர் கையில் இருந்த ஈரத் துணியை மெதுவாகப் பிழிந்து கொடியில் போட்டார்.

"என்னை எதிரின்னு பதிஞ்சுக்கப் போறீங்களா?"

"பேருக்குத்தான் தம்பி."

"பேருக்குன்னாலும் என்னைத்தான் தோணிச்சா உங்களுக்கு?"

"தொழில் ஒண்ணா இருக்கணும்னு அவங்கதான் சொன்னாங்க."

"சரி அண்ணே, வர்றேன்," என்றார் எதிர்க்கடைக்காரர். தான் சொல்லவந்த விஷயத்தைச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

மறுநாள் ஹாலில் கூட்டம் நெரிந்தது. வார்த்தை கிடைக்காதவர்கள் எல்லாம், வேறு யாருக்கும் கிடைத்துவிடக் கூடாதே என்ற கவலையில் காலையிலேயே வந்து நிற்கிற வழக்கம் ஏற்பட்டிருந்தது. ஆய்வாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எதிர்க்கடைக்காரரை மைக்கின் முன்னால் நிறுத்தினார்.

"இவர் உங்களுக்கு எதிரியா?"

"ஆமாங்க."

"காரணம்?"

எதிர்க்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தொழில் போட்டிங்க."

"போதாது. பாடப் புத்தகத்துல இருக்கிற மாதிரி இருக்கு. உணர்ச்சியே இல்லையே. இப்படிச் சொன்னா நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நல்லா யோசிச்சு, மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க. அவசரமில்லை."

சலவைக்கடைக்காரர் பக்கத்தில் நின்று, சும்மா ஏதாவது சொல்லுப்பா என்று கண்ணால் கெஞ்சினார். எதிர்க்கடைக்காரர் அவரைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் இவருக்கு விரிப்பு துவைச்சுக் குடுக்கறேங்க. ராத்திரி இடுப்பு விட்டுப்போகும். துவைச்சு, மடிச்சு, நானே தூக்கிட்டுப் போய் வைப்பேன். இவர் என்னை நிக்க வச்சு ஒவ்வொண்ணா எண்ணுவார். ஒருநாள்கூட எண்ணாம வாங்கினதில்லை. ஒருதடவை ஒண்ணு கொறைஞ்சிருச்சு. மூட்டைத் துணிக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, அப்புறம்தான் தெரிஞ்சது. ஆனா அதுக்குள்ள இவர் என் கடை அலமாரியைப் பார்த்தாருங்க. ஒண்ணும் சொல்லலை. பார்த்தார். அன்னிக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கலை."

அது நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது. சலவைக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அப்படிப் பார்த்தது அவருக்கு நினைவே இல்லை. ஆனால் பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரிந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

"பிரமாதம்!" என்றார் ஆய்வாளர். "இதுதான் பகை. போன வாரம் ஒருத்தர் சண்டைக்கு ஆள் கூட்டிட்டு வந்தார், பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. இது அந்த மாதிரி இல்லை, ஆழமா இருக்கு." முத்திரையை ஓங்கிக் குத்தினார். "இன்னிக்கே ஆள் வந்து பூட்டுல வார்த்தையைப் போட்டுடுவார். நாங்க சொல்லாம கொள்ளாம வந்து பார்ப்போம். பகை குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா வார்த்தை ரத்து."

வெளியே வந்ததும் சலவைக்கடைக்காரர், "தம்பி," என்று கூப்பிட்டார். எதிர்க்கடைக்காரர் காதில் விழாதவர் போல் நடந்து போய்விட்டார்.

சாயங்காலம் பூட்டுக்காரர் வந்தார். அலுவலகத்தின் எல்லாப் பூட்டுக்கும் அவர் ஒருவர்தான். பையைக் கீழே வைத்தார், கொட்டாவி விட்டார், வால்வின் முன் குந்தி உட்கார்ந்து பூட்டைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார். பூட்டு திறந்துகொண்டது. குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

"வார்த்தை போடலையே?" என்றார் சலவைக்கடைக்காரர்.

"எதுக்கு? போடற மாதிரி நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சு, இழுத்தாலே வந்துடும். கடைசிச் சக்கரம் இறுகிப் போனதால உள்ள கொக்கி பிடிக்கிறதே இல்லை. ஊர்ல இருக்கிற எல்லாப் பூட்டும் இப்படித்தான். இழுக்கிறது குற்றம்னு நோட்டீஸ் போட்டது வேற எதுக்குன்னு நெனச்சீங்க?"

"எல்லாப் பூட்டும்னா… எதிர்க்கடைக்காரரோடதுமா?"

"எங்க ஆபீஸுக்கு வெளியில அவர்தானே முதல்ல கண்டுபிடிச்சார். கை வழுக்கி இழுத்துட்டார், திறந்துக்கிச்சு. நேத்து மத்தியானம் என்னை ஓரமாக் கூப்பிட்டு, எல்லாமே இப்படியான்னு கேட்டார். ஆமான்னேன். அப்பா, எங்க அண்ணன் பாவம் தண்ணியில்லாம தவிக்கிறார், இன்னிக்கே போய்ச் சொல்லிடறேன்னு அவ்வளவு சந்தோஷமா ஓடினார். ராத்திரி பார்த்தப்போ, சொல்லிட்டீங்களான்னு கேட்டேன். முகமே சரியில்லை. நான் எதுக்குச் சொல்லணும், பூட்டை இழுத்ததே நான்தான்னு அவர் போய் ஆபீஸ்ல சொல்லிட்டா என்ன பண்றதுன்னார்." பூட்டுக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "பூட்டு நல்ல நிலையில இருக்குன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

சலவைக்கடைக்காரர் போட்டார். உள்ளே மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மூட்டையைப் பிரித்து விரிப்புகளை ஊறப்போட ஆரம்பித்தாள். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு நிலைகொள்ளவில்லை. இத்தனை வருஷம் தன்னை அண்ணே என்று கூப்பிட்ட ஒரே மனுஷனுக்கும் தன்னிடமிருந்தே அந்தச் சந்தேக வியாதி தொற்றிவிட்டதே. செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து ஓடினார்.

எதிர்க்கடைக்காரர் கடையை அடைத்துக்கொண்டிருந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"தம்பி, நான் பண்ணினது தப்பு. நான் பார்த்ததும் தப்பு, எண்ணினதும் தப்பு. எனக்கு அந்த வார்த்தையே வேணாம். மன்னிச்சிடுங்க."

எதிர்க்கடைக்காரர் குனிந்து, ஷட்டருக்கு அடியிலிருந்து அவரைப் பார்த்தார்.

"தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"மூட்டை?"

"ஊறப் போட்டாச்சு."

"அப்ப சரி. நாளைக்கு நேரத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க." அவர் தெருக்கோடியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "இங்க நிக்காதீங்க சார். ரெண்டு பேரும் பேசறதை யாராவது பார்த்தா உங்க வார்த்தை போயிடும்."

சலவைக்கடைக்காரரை அவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஷட்டர் தடதடவென்று தரைவரை இறங்கியது, உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. சொன்னது அக்கறையிலா, கோபத்திலா? சந்தேகப்பட்டே பழகிய அந்த மனுஷருக்கு முதல்முறையாக எதையும் சந்தேகப்படத் தெம்பில்லை. மூடிய ஷட்டரின் முன்னால் கண் கலங்கி நின்றார்.

பின்னால் சைக்கிள் மணி அடித்தது. திரும்பினால் சொல் ஆய்வாளர், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார்.

"எல்லாத்தையும் தெருக்கோடியிலேர்ந்து பார்த்துட்டேன் சார். முகத்துல அடிச்ச மாதிரி ஷட்டரைப் போட்டார் பாருங்க, ரொம்பத் திருப்தி! இதே மாதிரி மெயின்டெயின் பண்ணுங்க."